கூண்டுக்கிளி இறகைப் பிடுங்குகிறது, என்ன மருந்து?

கேள்வி: ஐயா, வணக்கம். ஆனைமலைப் பக்கம் ஐந்து ஏக்கர் தென்னை வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், மாசி மாதம், வேர் வாடல் நோயில் பட்டுப்போன மரங்களை வெட்டியபோது ஒரு மொட்டை மரத்தின் பொந்திலிருந்து மூன்று கிளிக்குஞ்சுகள் விழுந்தன. ஒன்று அங்கேயே செத்துவிட்டது. ஒன்றை வெட்ட வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மற்றதை என் மகள் வளர்க்கிறாள். பறந்துவிடக் கூடாது என்று இறக்கையை நறுக்கியிருக்கிறோம்; சூரியகாந்தி விதையும் பால்சோறும் கொடுக்கிறோம். மூன்று மாதமாக நெஞ்சில் இறகு போய்த் தோல் தெரிகிறது; படம் அனுப்பியிருக்கிறேன். பறவைக் கடைக்காரர் பேன் என்று சொல்லி, மாட்டு உண்ணி மருந்தைத் தண்ணீர் கலந்து தடவச் சொன்னார். ஒரு டானிக்கும் கொடுத்தார். குணமில்லை. துணைக்கு இன்னொரு கிளி வாங்கினால் சரியாகுமா? ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஜோடி வாங்கி வளர்த்தால் குஞ்சுகளைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் அவரே சொல்கிறார். இன்னும் பதினைந்து மரம் வெட்ட வேண்டிய வேலை கிடக்கிறது. மகளோ தினமும் அழுகிறாள். நல்ல மருந்து ஒன்று சொல்லுங்கள்.

பதில்: வணக்கம். உண்ணி மருந்தை இன்றோடு நிறுத்துங்கள். அது மாட்டின் தோலுக்கென்று செய்யப்பட்டது. கிளியோ நாள் முழுவதும் தன் இறகை அலகால் கோதிக்கொண்டே இருக்கும் பறவை. நெஞ்சில் தடவியது அன்றைக்கே வயிற்றுக்குள் போய்விடும். அண்மையில் தடவியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். நடுக்கமோ தள்ளாட்டமோ தெரிந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தலையிலும் பிடரியிலும் ஒரு இறகுகூடக் குறையவில்லை. பச்சை பளபளவென்று படிந்திருக்கிறது. நெஞ்சும் தொடையும் இறக்கையின் உட்புறமும் மட்டும் சாம்பல் நிற அடிப்பஞ்சாகவும், நடுவே வெறுந்தோலாகவும் இருக்கின்றன. அலகு எட்டும் இடமெல்லாம் மொட்டை, எட்டாத இடத்தில் எந்தக் குறையும் இல்லை. பேன் இப்படி இடம் பார்த்துக் கடிப்பதில்லை. உங்கள் கிளி தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்கிறது. தலையும் சேர்ந்து மொட்டையாகி, முளைக்கும் இறகுகள் முறுக்கிக்கொண்டு, அலகும் கோணலாக வளர்ந்திருந்தால் சர்க்கோ வைரஸ் நோயைச் சந்தேகித்திருப்பேன். அந்த அடையாளம் எதுவும் படத்தில் இல்லை.

பிடுங்குவதற்குத் தீனி ஒரு காரணம். சூரியகாந்தி விதையில் கொழுப்பு மிகுதி. வைட்டமின் ஏ மிகக் குறைவு, சுண்ணாம்புச் சத்தும் போதாது. அதையே தின்று வளரும் கிளிக்குத் தோல் வறண்டு அரிப்பெடுக்கும், நாளடைவில் வாய்க்குள் வெள்ளைப் படலம் தோன்றும். பறவையின் குடலால் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்க முடியாது என்பதால் பால்சோறு அறவே வேண்டாம். உங்கள் வேலியில் இருக்கும் முருங்கைக்கீரை, பழுத்த மிளகாய், கேரட், பூசணி, கொய்யா, முளைகட்டிய பாசிப்பயறு, கம்பு, தினை, பால் பிடித்த மக்காச்சோளக் கதிர் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். சூரியகாந்தியைப் பத்துப் பதினைந்து நாளில் படிப்படியாகக் குறையுங்கள், ஒரேயடியாக நிறுத்தினால் பட்டினி கிடந்துவிடும். இந்தத் தீனி இருக்கும்போது டானிக்குக்கு வேலையே இல்லை. காப்பி, தேநீர், சாக்லேட், வெண்ணெய்ப்பழம் எதையும் பாசத்தில் ஊட்டிவிடாதீர்கள். இவை எல்லாமே கிளிக்கு நஞ்சு. கூண்டு சமையலறையில் இருந்தால் வெளியே எடுங்கள். அளவுக்கு மீறிக் காய்ந்த நான்ஸ்டிக் வாணலியின் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

தீனியைத் திருத்துவதால் பாதி குணம் கிடைக்கலாம். மறுபாதிக்கு மருந்துக் கடையில் எதுவும் இல்லை. பச்சைக்கிளி கூட்டத்தோடு பல கிலோமீட்டர் பறந்து இரை தேடி, பொழுது சாய்ந்ததும் நூற்றுக்கணக்கில் ஒரே மரத்தில் அடைகிற பறவை. விழித்திருக்கும் நேரமெல்லாம் அதன் அலகுக்கு உரிக்கவும் கொறிக்கவும் ஏதாவது ஒரு வேலை இருக்கும். உங்கள் வீட்டில் அது தனியாக, நறுக்கிய இறக்கையோடு, கம்பியைத் தவிரக் கடிப்பதற்கு ஒன்றுமில்லாத கூண்டில் இரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறது. அலகுக்குக் கிடைத்தது தன் நெஞ்சு மட்டுமே. வேப்பங்குச்சியும் கொய்யாக் கிளையும் பட்டையோடு வெட்டிக் கூண்டுக்குள் வையுங்கள், குளிக்கத் தட்டில் தண்ணீர் வையுங்கள், இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் கொடுங்கள், இறக்கையை இனி நறுக்காதீர்கள். இவை எல்லாம் இடைக்கால ஏற்பாடு மட்டுமே. நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டியது, இந்தக் கிளி உங்கள் வீட்டில் இருக்கலாமா என்பதைத்தான்.

மாடு வளர்க்கிறோம், கோழி வளர்க்கிறோம், கிளி வளர்த்தால் என்ன என்று பல விவசாயிகள் என்னிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மாடும் கோழியும் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து, நம் கொட்டகைக்கும் நம் கைத்தீனிக்கும் பழகிய வளர்ப்பினங்கள். உங்கள் கிளியின் தாயும் தந்தையும் உங்கள் தோப்பின் மேலே இன்றும் பறந்துகொண்டிருக்கலாம். கூண்டுக்குள் இருப்பது பிடிபட்ட காட்டுப் பறவை. அதை ஒரு தலைமுறைக்குள் வளர்ப்புப் பிராணியாக மாற்ற எந்தப் பாசத்தாலும் முடியாது. உங்கள் மகளின் அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டு ஆண்டு அந்தக் குஞ்சு உயிரோடு இருப்பதே அவளால்தான். ஆனால் பறவைக்கு வேண்டியதை அவளால் கொடுக்க முடியாது, அது அவள் குற்றமும் அல்ல. நல்ல பராமரிப்பில் இந்த இனம் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அவள் படித்து வெளியூர் போன பிறகு அந்தக் கூண்டை யார் பார்ப்பார்கள் என்பதையும் வீட்டில் பேசிப் பாருங்கள்.

துணைக்கு இன்னொரு கிளி வாங்குவது இரண்டாவது பறவையையும் அதே நிலைக்குக் கொண்டுவருவதாகும். கடையில் கிடைக்கும் நாட்டுக் கிளி பெரும்பாலும் யாரோ ஒருவர் ஒரு பொந்தில் கைவிட்டு எடுத்ததுதான். நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய இடத்தை நிரப்ப அடுத்த தை மாதம் இன்னொரு பொந்து காலியாகும்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வடிவத்தில், பச்சைக்கிளியும் அதைவிடப் பெரிய மலைக்கிளியும் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்தேன் என்பது உங்கள் நல்ல மனத்தைக் காட்டுமே தவிர, வைத்திருக்கும் உரிமையைத் தராது.

அதற்காகப் பயந்துபோய் நாளைக் காலை கூண்டைத் திறந்துவிடாதீர்கள். நறுக்கிய இறக்கையும் மொட்டை நெஞ்சும் உள்ள கிளி அன்று மாலைக்குள் காக்கைக்கோ பூனைக்கோ இரையாகிவிடும். உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தில், எப்படிக் கிடைத்தது, என்ன தீனி பழகியிருக்கிறது, என்ன மருந்து தடவினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, பறவையை ஒப்படையுங்கள். தாமாக முன்வந்து கொடுப்பவர்களை அலுவலர்கள் பொதுவாகக் கண்ணியமாகவே நடத்துகிறார்கள். நறுக்கிய இறகுகள் அடுத்த உதிர்வில் விழுந்து புதியவை முளைக்கும். தன் இனத்தோடு பெரிய கூண்டில் பறந்து பழகிய பிறகு வெளியே விடத் தகுமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் பள்ளிக்குப் போயிருக்கும்போது கிளியை எடுத்துச் சென்றால், உங்களை அவள் நெடுநாள் மன்னிக்கமாட்டாள். அதுவரை எச்சத்தைக் காயவிட்டுக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்; கிளியின் எச்சத் தூசியிலிருந்து மனிதருக்குக் கிளிக்காய்ச்சல் பரவக்கூடும். வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால் கிளி இருப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சாம்பல் கிளி வியாபாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த இனம் 2017 முதல், வன உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. வைத்திருப்பவர் ஒவ்வொரு பறவையையும் அதன் குஞ்சையும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்தாக வேண்டும் என்று 2024-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. கடைக்காரர் காகிதம் எதையும் காட்டாமல் ஜோடியைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றால் அவருக்கு வேண்டியது உங்கள் முன்பணம் மட்டுமே. குஞ்சைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்ற வாக்குறுதியை நம்பி ஈமுக் கோழியில் பணம் போட்ட கொங்கு விவசாயிகள் 2012-இல் பணத்தை இழந்து எந்த நிலைக்கு ஆளானார்கள் என்பதை உங்கள் பக்கத்து ஊர்களிலேயே கேட்டுக்கொள்ளலாம். கிளியின் பேன் மருந்துக்கும் மாட்டின் உண்ணி மருந்துக்கும் வித்தியாசம் தெரியாதவரிடமிருந்து எந்தப் பறவையையும் வாங்காதீர்கள்.

இனி, நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட அந்தப் பதினைந்து மரங்களுக்கு வருகிறேன். இந்தக் கிளியின் துன்பம் ஒரு மரத்தை மாசியில் வெட்டியதிலிருந்துதான் தொடங்கியது. வேர் வாடல் நோய் வந்தபின் பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளில் மரம் வெட்டுவது ஓயாத வேலையாகிவிட்டது. கிளிகள் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் காலமும் பெரும்பாலும் தை முதல் சித்திரை வரைதான். மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்துவிட்டுப் போன பொந்துகளில் கிளி குடியேறுகிறது. அதே பொந்துகளில் புள்ளி ஆந்தையும் இருக்கும்; அது உங்கள் தோப்பில் எலியும் வண்டும் தின்கிற பறவை. கூட்டைக் கலைப்பதும் முட்டையை அழிப்பதும்கூட அந்தச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடங்குகின்றன.

எனவே பச்சை ஓலையோடு நிற்கும் நோய் மரங்களை முதலில் வெட்டுங்கள். நோயைப் பரப்பும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் ஓலையில்தான் சாறு உறிஞ்சுகின்றன. ஓலை முழுவதும் விழுந்து மொட்டையாக நிற்கும் மரத்தில் அவற்றுக்கு உணவில்லை. மொட்டை மரங்களை ஆனிக்கும் கார்த்திகைக்கும் இடையில் வெட்டினால் கிளிக்குஞ்சு விழ வாய்ப்பே அரிது. அதற்குமுன் வெட்டியே ஆக வேண்டுமென்றால், வெட்டுவதற்கு முந்தின நாள் விடியலிலும் பொழுது சாயும்போதும் மரத்தடியிலிருந்து சற்றுத் தள்ளி அரைமணி நேரம் நின்று பாருங்கள். அரிவாளின் பின்புறத்தால் தண்டைத் தட்டினால் உள்ளே இருக்கும் பறவை தலையை நீட்டும். பறவை இருந்தால் அந்த மரத்தில் சுண்ணாம்பால் குறியிட்டுப் பத்து வாரம் விட்டுவையுங்கள். அடைகாக்க மூன்று வாரத்துக்குச் சற்று மேல், குஞ்சு பறக்க ஆறேழு வாரம், அவ்வளவுதான் கணக்கு.

பட்ட மரத்தை நிற்கவிட்டால் காண்டாமிருக வண்டு பெருகும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அது உண்மை, நானும் அதைத்தான் சொல்லிவருகிறேன். ஆனால் அந்த வண்டு முட்டையிலிருந்து முழு வண்டாக வருவதற்குப் பல மாதங்கள் ஆகும், அதன் முதன்மையான பிறப்பிடம் உங்கள் எருக்குழி. குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி, புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலந்து வைத்தவருக்கு ஒரு பொந்து மரம் பத்து வாரம் நிற்பதால் பெரிய நட்டம் வராது. குஞ்சுகள் பறந்தவுடன் வெட்டிப் பிளந்து காயவைத்து அடுப்புக்கோ சூளைக்கோ அனுப்பிவிடுங்கள்.

எவ்வளவு பார்த்தும் தவறி ஒரு கூடு விழுந்துவிட்டால், குஞ்சை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். பொந்து இருக்கும் பகுதியை மேலும் கீழும் சேர்த்து மூன்றடித் துண்டாக அறுத்து, அடிப்பக்கம் திறந்திருந்தால் பலகையால் அடைத்து, அடிபடாத குஞ்சுகளை உள்ளே வைத்து, பக்கத்து மரத்தில் ஏறி உயரத்தில் இறுகக் கட்டுங்கள். மனிதக் கை பட்டதால் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை. குஞ்சின் குரல் கேட்டால் பெரும்பாலும் திரும்பி வந்து இரை கொடுக்கும். அன்று மாலைவரை வராவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வெட்டும் ஆட்களிடம் கூலி பேசும்போதே இரண்டு விஷயங்களைக் கறாராகச் சொல்லிவிடுங்கள். பொந்தில் கிடைக்கும் குஞ்சு அவர்களுக்குச் சேராது; அன்று தோப்பிலிருந்து ஒரு குஞ்சும் வெளியே போகக் கூடாது. சுண்ணாம்புக் குறியிட்ட மரத்தைத் தொடக் கூடாது. அந்த ஓரிரு மரங்களுக்காக ஆள் மறுபடி வர வேண்டியிருக்கும், தனிக் கூலி கேட்பார்கள். கேட்டதைக் கொடுத்துவிடுங்கள்.