கைல காசு குடுத்தா குடிச்சே அழிச்சிருவாங்களா?

கேள்வி: ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியா பணம் குடுத்தா அது குடிக்குத்தானே போகும், வேலைக்கும் போக மாட்டாங்களே?

பதில்: நிறைய பேருக்கு இந்த சந்தேகம் இருக்குங்க, ஆனா பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்து 2017ல வந்த கட்டுரை ஒண்ணு குடி, சிகரெட் செலவு கூடலைன்னுதான் சொல்லுது. வேலைக்குப் போறதும் பெருசா குறையல. கென்யால நிபந்தனையே இல்லாம மொபைல்ல பணம் அனுப்புனாங்க, ஜனங்க ஓலைக்கூரைய எடுத்துட்டு தகரம் போட்டாங்க, ஆடு மாடு வாங்குனாங்க, சாப்பாட்டுக்கும் கூடுதலா செலவு பண்ணாங்க, மனசும் கொஞ்சம் லேசாச்சு (எனக்கு இதுதான் பெரிய விஷயமா படுது, நாளைக்கு அடுப்பு எரியுமான்னு பயந்துக்கிட்டே இருந்தா வேற எதைத்தான் யோசிக்க முடியும்). மெக்சிகோல 1997ல ஆரம்பிச்ச ப்ரோகிரெசாங்கிற, புள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்புனா ஏழைக் குடும்பத்துக்குப் பணம் குடுக்குற திட்டத்தால பொம்பளப் புள்ளைங்க கூடுதலா படிச்சாங்க. ஆனா பக்கத்துல நல்ல ஸ்கூல், ஆஸ்பத்திரி இல்லைன்னா வெறும் பணம் பத்தாது, அதையும் சேர்த்தே கேக்கணும்.