குறிச்சொல் பெட்டியில் சொல் தொலைவது ஏன்?

கேள்வி: கட்டுரைகளுக்குக் குறிச்சொல் சேர்க்கும் பெட்டி ஒன்றை எங்கள் செயலிக்காக வடிவமைத்திருக்கிறேன். என்டர் விசையை அழுத்தினால் சொல் ஒரு சிறு கட்டமாக மாறும். சோதித்துப் பார்த்தவர்களோ கடைசிச் சொல் பதிவாகவில்லை என்கிறார்கள். சில சொற்கள் இரண்டு முறை பதிவாகின்றன. தவறு எங்கே?

பதில்: கடைசிச் சொல்லைத் தட்டச்சிட்டவர் என்டரை அழுத்தாமல் நேரே 'சேமி' பொத்தானுக்குப் போயிருப்பார். சொல் அவர் கண்ணெதிரே பெட்டிக்குள் இருக்கிறது; உங்கள் நிரலோ அதைக் கணக்கில் எடுக்கவில்லை. குறியிடம் பெட்டியை விட்டு நீங்கும்போதே எஞ்சிய எழுத்துகளைக் குறிச்சொல்லாக்கிவிடுங்கள். காற்புள்ளியும் என்டரைப் போல வேலை செய்யட்டும். ஆனால் இடைவெளியைப் பிரிப்பானாக வைக்காதீர்கள். 'பயனர் இடைமுகம்' என்ற ஒரே குறிச்சொல் இரண்டாக உடைந்துவிடும்.

தமிழில் தட்டச்சிட உதவும் உள்ளீட்டுக் கருவி காட்டும் பரிந்துரையைத் தேர்வதற்கும் பலர் என்டரையே அழுத்துவார்கள். அப்போது சொல் அரைகுறையாகப் பதிவாகாதிருக்க, விசை நிகழ்வின் 'இஸ்கம்போசிங்' (isComposing) என்னும் பண்பைச் சோதித்து, உள்ளீட்டுக் கருவி சொல்லைக் கோத்து முடிக்கும்வரை காத்திருங்கள்.

இரட்டைப் பதிவுக்குச் சொல்லின் முன்னும் பின்னும் ஒட்டிய இடைவெளி காரணமாகலாம். அதை நீக்குவது எளிது. தமிழில் இன்னொரு காரணமும் உண்டு. 'கொடி' என்ற சொல்லின் முதலெழுத்தில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. நிரல் அவற்றை இரு வேறு சொற்களாகவே எண்ணும். ஆகவே ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் யூனிகோடின் என்எஃப்சி (NFC) வடிவுக்கு, அதாவது இத்தகைய குறிகளை ஒரே குறியீடாக்கும் வடிவுக்கு, மாற்றுங்கள். அதன் பிறகும் ஒரே சொல் மீண்டும் வந்தால், சத்தமின்றி விழுங்கிவிடாமல், ஏற்கெனவே உள்ள கட்டத்தை ஒரு கணம் ஒளிரச் செய்யுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதில் இழப்பு இன்னும் பெரிது. பெட்டி காலியாக இருக்கையில் பேக்ஸ்பேஸை அழுத்தியவுடன் கடைசிக் கட்டம் மறைந்துவிடும் அமைப்பில், விசையைச் சற்று அழுத்திப் பிடித்தாலே எல்லாக் குறிச்சொற்களும் போய்விடும். முதல் அழுத்தம் கட்டத்தைத் தேர்வு செய்யட்டும், விசையை விட்டு மீண்டும் அழுத்தினால் மட்டுமே நீங்கட்டும். 2023இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 (WCAG) என்னும் வலை அணுகல்தன்மை வழிகாட்டி, தொடும் இலக்குகளுக்குப் பொதுவாகக் குறைந்தது 24க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல் (வலைப்பக்க அளவு அலகு) கேட்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள நீக்கற் குறிக்கும் அந்த இடம் கொடுங்கள். பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானில் அந்தக் குறியின் பெயர் வெறும் 'நீக்கு' என்றில்லாமல், 'கொடி என்பதை நீக்கு' என்று சொல்லுடன் கேட்க வேண்டும்.