12 லட்சம் வரை வரி இல்லை என்பது பங்கு லாபத்துக்கும் பொருந்துமா?

கேள்வி: எனக்கு வயது 63. ஆண்டு பென்ஷன் 6.5 லட்சம் ரூபாய். 2025-26 நிதியாண்டில், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குகளை விற்றதில் 2.10 லட்சம் லாபம். சில மாதங்களிலேயே விற்றதில் ஒன்றில் 60,000 லாபம், இன்னொன்றில் 25,000 நஷ்டம். ஒரு நிறுவனத்திலிருந்து 18,000 ரூபாய் டிவிடெண்ட். எல்லாம் சேர்த்தும் 12 லட்சத்தைத் தாண்டவில்லை. புதிய வரி முறையில் எனக்கு வரி இல்லைதானே? இனி மனைவி பெயரில் வாங்கலாமா?

பதில்: வரி உண்டு. 12 லட்சம் வரை வரி இல்லாமல் போவது, 60,000 ரூபாய் வரையிலான வரித் தள்ளுபடியால்தான். பென்ஷன், வட்டி, டிவிடெண்ட் என ஸ்லாப் விகிதத்தில், அதாவது வருமானம் ஏற ஏறக் கூடும் விகிதத்தில், வரி போடப்படும் வருமானத்துக்கு மட்டுமே அந்தத் தள்ளுபடி. பங்கு விற்ற லாபத்துக்குத் தனி விகிதம் இருப்பதால் அது உள்ளே வராது. இந்த விஷயத்தில் ஏமாந்தவர்கள் ஏராளம்; விளம்பரங்களும் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை.

உங்கள் கணக்கையே பார்ப்போம். பென்ஷனில் 75,000 நிலையான கழிவு போக, டிவிடெண்டையும் சேர்த்தால் 5.93 லட்சம். இதற்கான வரி 9,650 ரூபாய் முழுவதும் தள்ளுபடியில் போய்விடும். குறுகிய கால லாபம் 60,000-லிருந்து நஷ்டம் 25,000-ஐக் கழித்தால் 35,000. அதற்கு 20%, அதாவது 7,000. நீண்ட கால லாபத்தில் 1.25 லட்சத்துக்கு வரி இல்லை. மீதி 85,000-க்கு 12.5%, அதாவது 10,625. இரண்டும் சேர்ந்து 17,625, அதன் மேல் 4% செஸ் (வரியின் மீது போடும் கூடுதல் வரி). மொத்தம் 18,330 ரூபாய்.

டிவிடெண்ட் 10,000-ஐத் தாண்டியதால் அந்த நிறுவனம் 10%, அதாவது 1,800 ரூபாய் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்திருக்க வேண்டும். பிடித்திருந்தால் அது போக 16,530 கட்டினால் போதும். 60 வயதைத் தாண்டி, தொழில் வருமானமும் இல்லாதவர் என்பதால் முன்கூட்டிய வரி கட்டாததற்காக வட்டி வராது.

உங்களுக்கு வந்த நஷ்டம் குறுகிய கால நஷ்டமானது ஒரு வகையில் நல்லதுதான். அதை இரண்டு வகை லாபத்திலும் கழிக்கலாம். நீண்ட கால நஷ்டத்தையோ நீண்ட கால லாபத்தில் மட்டும்தான் கழிக்க முடியும். கழித்தும் மிஞ்சும் நஷ்டத்தை 8 ஆண்டுகள் வரை எடுத்துச் செல்லலாம், கெடு தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்திருந்தால். உங்களுக்கு ஐடிஆர்-2 படிவம். குறுகிய கால லாபம் இருப்பதால் ஐடிஆர்-1 ஆகாது.

இன்னொன்று. அந்த நீண்ட காலப் பங்குகளில் பாதியை மார்ச்சிலும் மீதியை ஏப்ரலிலும் விற்றிருந்தால், இரண்டு ஆண்டுகளின் 1.25 லட்சம் சலுகையும் கிடைத்து, வேறு நீண்ட கால லாபம் இல்லாத பட்சத்தில் 10,625 ரூபாயும் மிச்சமாகியிருக்கும். அவசரமில்லாத விற்பனையை இப்படிப் பிரிப்பதுதான் எனக்குத் தெரிந்து மிக எளிய வரிச் சேமிப்பு. அதற்காக, விலை சரியும் பங்கைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

அப்புறம், மனைவி பெயரில் வாங்குவது. பணம் நீங்கள் கொடுத்தது என்றால் அதில் வரும் லாபமும் டிவிடெண்டும் உங்கள் வருமானத்தோடுதான் சேரும். பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்கு அவர் பெயரில் இருப்பதால் ஒன்றும் மாறாது. அவருடைய சொந்தச் சேமிப்பு, அல்லது பெற்றோர் வழியில் வந்த பணம் என்றால் கதை வேறு. வேறு வருமானம் இல்லாவிட்டால் வரியே இல்லாத 4 லட்சம் ரூபாய் அடிப்படை வரம்பைப் பங்கு லாபத்துக்கும் அவர் பயன்படுத்திக்கொள்ளலாம். பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.