இருபத்தைந்து சைக்கிள் சேர்ந்து போனால் ஊர்வலமா?

கேள்வி: ஞாயிறு காலையில் இருபத்தைந்து பேர் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை சைக்கிளில் போய் வருகிறோம். போன வாரம் ஒரு காவலர் நிறுத்தி, "பெர்மிஷன் இருக்கா? ஹெல்மெட் எங்கே?" என்றார். அனுமதி வாங்க வேண்டுமா? அபராதம் போடுவார்களா?
- தண்டையார்பேட்டை வாசகர்

ஹெல்மெட்டை முதலில் முடித்துவிடலாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129வது பிரிவு மோட்டார் சைக்கிளில் போகிறவருக்குத்தான். மிதிக்கிற சைக்கிளுக்கு லைசென்ஸும் இல்லை, நம்பர் பிளேட்டும் இல்லை. அபராதம் வராது. ஆனாலும் போடுங்கள், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் சாலையில் போகிற உங்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

அதற்காகச் சைக்கிள்காரரைச் சட்டம் தொடாது என்று இருந்துவிடாதீர்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281வது பிரிவு, பொதுவழியில் தாறுமாறாக ஓட்டும் எந்த வண்டிக்கும் பொருந்தும். 285வது பிரிவு, வழியை மறிப்பவருக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. குழுவாகப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான். பின்னால் வருகிறவர்கள் சேரட்டும் என்று ஒருவர் சந்திப்பில் சைக்கிளைக் குறுக்கே நிறுத்திக் கையைக் காட்டுவார். நானும் ஒரு காலத்தில் அப்படி நின்று நன்றாகத் திட்டு வாங்கியவன்தான். திட்டியவர் சொன்னது நியாயம். சிவப்பு விழுந்தால் பின்னால் வருகிறவர்கள் நிற்கட்டும். தாண்டிப் போனவர்கள் ஓரமாகக் காத்திருக்கட்டும்.

அனுமதி விஷயத்துக்கு வருவோம். 1888ஆம் ஆண்டின் சென்னை மாநகர காவல் சட்டம், 41வது பிரிவின்படி, ஆணையர் 15 நாள் வரை கூட்டம், ஊர்வலங்களைத் தடை செய்யலாம். அந்தத் தடை இருக்கும்போது நடத்த விரும்புகிறவர்கள் 5 நாள் முன்பே விண்ணப்பிக்கச் சொல்வார்கள். உடற்பயிற்சிக்காகச் சைக்கிள் மிதிப்பது என் பார்வையில் ஊர்வலம் இல்லை. பேனர், கொடி, மைக், கோஷம் வந்துவிட்டால் கதை வேறு. "விழிப்புணர்வுதானே சார்" என்பது அங்கே எடுபடாது.

எனவே ஆறேழு பேராகப் பிரிந்து, நடுவில் ஐந்து நிமிட இடைவெளி விட்டு, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். ஞாயிறு காலை காசிமேட்டில் மீன் வாங்க வரும் கூட்டமே வழியை அடைத்துவிடும். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. சந்திப்பில் திரும்பவிருக்கும் டிரெய்லரின் இடப்பக்கம் மட்டும் நுழையவே கூடாது. ஓட்டுநர் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

காவலர் நிறுத்தினால் ஒருவர் மட்டும் பேசுங்கள், மற்றவர்கள் சாலையை விட்டு இறங்கி நில்லுங்கள். பிரிவு எண்ணை அவரிடம் ஒப்பிக்க வேண்டாம். அதைவிட, முன்கூட்டியே வழித்தடம், நேரம், ஆள் எண்ணிக்கை, பொறுப்பாளரின் செல் நம்பர் எழுதி ஒரு தகவல் கடிதம் கொடுத்துவிடுங்கள். சட்டம் ஒழுங்கு ஆய்வாளருக்கு ஒன்று, போக்குவரத்து ஆய்வாளருக்கு ஒன்று. இரண்டும் வேறு வேறு ஆள். நகலில் முத்திரை வாங்கிப் பையில் வையுங்கள். எண்ணூர் ஆவடி காவல் ஆணையரகத்தில் வருகிறது, அங்கே தனிக் கடிதம்.