தீபாவளிக்குப் போன டெய்லர்கள் திரும்பவில்லை: சம்பளத்தை ஏற்றினால் நிற்பார்களா?

கேள்வி: திருப்பூரில் அப்பா நடத்திய பவர் டேபிளை (சின்னத் தையல் யூனிட்) இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 26 பேர். பெரிய கம்பெனிகளிடமிருந்து கட்டிங் பீஸ் (வெட்டிய துணி) எடுத்துத் தைத்துக் கொடுக்கிறோம். தீபாவளிக்குப் போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போன டெய்லர்களில் ஐந்து பேர் வரவில்லை. மூன்று பேர் பீகார், இரண்டு பேர் தேனிப் பக்கம். தேனிக்காரர்கள் இரண்டு பேரும் பக்கத்துத் தெரு யூனிட்டில் ஷிப்டுக்கு 20 ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்களாம். அட்வான்ஸ் பாக்கி வேறு நிற்கிறது. எல்லோருக்கும் சம்பளத்தை ஏற்றினால் நிற்பார்களா? ஆதார் அட்டையையும் ஒரு வாரச் சம்பளத்தையும் பிடித்து வைத்துக்கொள் என்கிறார் பக்கத்து யூனிட்காரர். அது சரியா?

பதில்: கடைசியில் கேட்டதை முதலில் முடித்துவிடுவோம். ஆதாரைப் பிடித்து வைக்காதீர்கள், ஒரு வாரச் சம்பளத்தையும் நிறுத்தாதீர்கள். அட்வான்ஸ் தீரும்வரை போகக்கூடாது என்று ஓர் ஆளைத் தடுத்து வைப்பது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடும், பக்கத்து யூனிட்காரர் அப்போது உங்களோடு வந்து நிற்கமாட்டார். சம்பள விஷயத்திலும் சட்டம் தெளிவு: 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டுப் போகிறவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடித்துக் கொடுக்க வேண்டும். சட்டத்தை விடுங்கள், ஒரு வாரச் சம்பளம் முதலாளியிடம் மாட்டிக்கொண்ட ஆள் என்ன செய்வான்? அடுத்த முறை சொல்லாமல் போவான். உங்களிடம் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதானே.

போனஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் ஒரு வருத்தம் தெரிகிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் போனஸ் அவர்கள் அந்த வருடம் உழைத்துச் சம்பாதித்த பணம். நீங்கள் தீபாவளிக்குக் கொடுப்பதால் அது பரிசு மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். அதை வாங்கியதற்காக யாரும் நன்றிக்கடன் பட்டவர்கள் இல்லை.

சரி, சம்பளத்துக்கு வருவோம். சம்பளத்தை ஏற்றினால் ஆள் நிற்பார்களா என்று கேட்டால், நிற்பார்கள், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவு ஏற்றினால் நிற்கமாட்டார்கள். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் கார் ஃபேக்டரியில் 1913-இல் ஆள் நிற்காத பிரச்சினை தலைக்கு மேல் போனது. சுமார் 14,000 பேர் வேலை செய்யும் இடத்துக்கு அந்த ஒரு வருடத்தில் மட்டும் 52,000 பேரை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் அவர் தினக்கூலியை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கி 5 டாலர் என்று அறிவித்தார், கூடவே ஒன்பது மணி நேர வேலையை எட்டாகக் குறைத்தார். ஆள் நின்றார்கள். (அந்த 5 டாலருக்குத் தகுதியானவர்தானா என்று பார்க்கத் தொழிலாளர் வீட்டுக்கே ஆள் அனுப்பி விசாரித்தார் என்பது இன்னொரு கதை, அதைப் பின்பற்ற வேண்டாம்.) இரண்டு மடங்காக்க அவரால் முடிந்தது. அடுத்தவர் துணியைத் தைத்துக் கொடுத்து ஜாப் ஒர்க் ரேட்டில் ஓடுகிற உங்களால் முடியாது. நீங்கள் 20 ரூபாய் ஏற்றினால் பக்கத்துத் தெருக்காரர் 25 ஏற்றுவார், இரண்டு மாதத்தில் இரண்டு பேரும் நஷ்டத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் போட்ட சம்பள ஒப்பந்தத்துக்குக் கீழே கொடுத்துக்கொண்டிருந்தால் மட்டும் முதல் வேலையாக அதைச் சரிசெய்யுங்கள், அதற்கு மேல் பேசுவதெல்லாம் அதன் பிறகுதான்.

வெறும் 20 ரூபாய்க்காக ஒரு டெய்லர் இடம் மாறுவது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. புது இடத்தில் மெஷின் பழக வேண்டும், புது சூப்பர்வைசரிடம் பெயர் வாங்க வேண்டும், ரூம் தூரமாகிவிடும். இதையெல்லாம் தாண்டி ஒருவர் போகிறார் என்றால் உங்களிடம் ஏதோ ஒன்றை அவரால் முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியவில்லை என்று அர்த்தம்: சனிக்கிழமை எவ்வளவு வரும், எத்தனை மணிக்கு வரும், எப்போது லீவு, நாளைக்கு யார் திட்டுவார்கள். மாதம் 50,000 வாங்குகிறவர் இரண்டு நாள் தாமதத்தைத் தாங்குவார், வாரச் சம்பளத்தில் ரூம் வாடகையும் மளிகைக் கடன் பாக்கியும் கட்டுகிறவருக்கு அது முடியாது. இந்த நிச்சயமின்மையைக் குறைப்பதுதான் 26 பேரை வைத்து நடத்துகிறவரின் முதல் வேலை. தலைமைப் பண்பு என்று மேடையில் பேசுவதெல்லாம் பவர் டேபிளுக்குள் வந்தால் இதில்தான் வந்து நிற்கும்.

முதலில் அந்தத் தேனிக்காரர்கள் இரண்டு பேரிடமும் போனில் பேசுங்கள். “ஏன் போனீங்க” என்று கேட்டால் உண்மை வராது, “இல்லீங்கண்ணா, வீட்டுப் பக்கம்” என்று ஏதாவது சொல்லி முடித்துவிடுவார்கள். “அங்கே சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கணக்குப் போட்டுத் தர்றாங்க?” என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் பாதி விஷயம் இருக்கும்.

உங்கள் யூனிட்டில் சனிக்கிழமை எப்படி நடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் பல பவர் டேபிள்களில் ஒரே காட்சிதான். ஏழு மணிக்கு மெஷின் நிற்கும், கைமடிப் பெண்கள் (டெய்லருக்கு உதவியாக இருப்பவர்கள்) சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்கள், முதலாளி கம்பெனிக்குப் பில் வாங்கப் போயிருப்பார், எட்டரைக்கு வந்து “இந்த வாரம் பாதி வாங்கிக்கங்க, திங்கக்கிழமை மீதி” என்பார். அந்தத் திங்கட்கிழமை புதனாகும். யாரும் சண்டை போடமாட்டார்கள். ஆனால் அன்று ராத்திரியே ரூமில் வேறு யூனிட் பற்றிப் பேச்சு ஆரம்பித்துவிடும்.

உங்கள் பில் தாமதமாவது உங்கள் தப்பு இல்லைதான், ஆனால் அதை அவர்கள் தலையில் இறக்கக்கூடாது. இரண்டு வாரக் கூலிக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு அதை எதற்கும் தொடாமல் வைப்பது என்று முடிவெடுங்கள். ஒரே நாளில் சேராது, ஒவ்வொரு பில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கினால் ஆறேழு மாதத்தில் சேர்ந்துவிடும். புது மெஷின் வாங்குவதைத் தள்ளிப்போட்டாவது இதைச் செய்யுங்கள் என்பேன். இன்னொரு பக்கம், உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இல்லையென்றால் உடனே செய்யுங்கள். பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளுக்குள் வாங்குகிறவர் பணம் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அந்த வருடக் கணக்கில் அதைச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரியில் 2024 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. பெரிய கம்பெனியோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. அவர்களுடைய ஆடிட்டருக்கு இந்த விதி நன்றாகத் தெரியும், உங்கள் பில்லின் மேல் உத்யம் எண் இருந்தாலே மார்ச் மாதத்தில் உங்கள் போனை எடுப்பார்கள்.

கணக்குச் சீட்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச் சீட்டு போதும், எத்தனை ஷிப்ட், ஓவர்டைம் எவ்வளவு, அட்வான்ஸில் எவ்வளவு கழித்தது, இன்னும் பாக்கி எவ்வளவு. இந்திக்காரர்களுக்கு எண்களே போதும், தலைப்பை மட்டும் இந்தியில் போட்டுவிடுங்கள். ஓவர்டைம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஊரில் வழக்கம் ஒன்றரை ஷிப்டுக்கு ஒன்றரைச் சம்பளம், சட்டம் சொல்வது கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு. வழக்கம் இதுதானே என்று யாரும் உங்களைக் காப்பாற்றப் போவதில்லை. அட்வான்ஸைப் பொறுத்தவரை ஒரு வரம்பு வையுங்கள், மூன்று வாரச் சம்பளத்துக்கு மேல் இல்லை என்கிற மாதிரி. பெரிய அட்வான்ஸ் ஆளைக் கட்டிப்போடும் என்று பல முதலாளிகள் நம்புகிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கடன் ஏறிவிட்டால் ஊரைவிட்டே போவதுதான் அவருக்கு லாபம் என்றாகிவிடுகிறது.

இப்போது பீகார்க்காரர்கள். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை: அவர்களுக்குத் தீபாவளியைவிடப் பெரிய பண்டிகை சத் பூஜை, அது தீபாவளி முடிந்து ஆறாம் நாள். நீங்கள் நம்ம ஊர் வழக்கப்படி நாலைந்து நாள் லீவு விட்டிருப்பீர்கள். திருப்பூரிலிருந்து பீகாருக்கு ரயிலில் போய்ச் சேரவே இரண்டு நாளுக்கு மேல் ஆகும், வர இன்னொரு இரண்டு நாள். அப்படியென்றால் நீங்கள் கொடுத்த லீவில் அவர் வீட்டு வாசலை மிதித்ததும் திரும்ப வேண்டும், அதுவும் பூஜைக்கு முன்னாலேயே. அவர் திரும்பமாட்டார், நானாக இருந்தாலும் திரும்பமாட்டேன். லேட்டாக வந்தால் திட்டுவார்களே என்று யோசித்து, வந்ததும் நேராக வேறு யூனிட்டுக்குப் போய்விடுவார்.

இதற்கு ஒரு ரூபாய் செலவில்லாத வழி இருக்கிறது. ரயில் முன்பதிவு முன்பெல்லாம் 120 நாளுக்கு முன் திறக்கும், 2024 நவம்பரிலிருந்து அது 60 நாள் ஆகிவிட்டது. எனவே ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே லீவு தேதியை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்: உள்ளூர்க்காரர்களுக்கு இத்தனை நாள், வடக்கே போகிறவர்களுக்குச் சத் முடியும்வரை, திரும்ப வேண்டிய தேதி இது. போகவும் வரவும் சேர்த்தே டிக்கெட் போடச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் அந்தக் காசை மட்டும் அட்வான்ஸாகக் கொடுங்கள். திரும்பும் டிக்கெட் கையில் இருக்கிற ஆள் திரும்புவதற்கான வாய்ப்பு அதிகம், முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டு போனவர் அதே மாதிரி வருவதற்கு யோசிக்கத்தான் செய்வார். தேனி, மதுரைக்காரர்களுக்கும் இதே மாதிரி பொங்கலும் ஊர் நோம்பியும் உண்டு. ஒரு காலண்டரை மாட்டி அவரவர் ஊர்த் திருவிழாவைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த வாரம் எத்தனை மெஷின் ஓடும் என்று உங்களுக்கும் முன்கூட்டியே தெரிந்தால், அந்த வாரத்துக்கு ஷிப்மென்ட்டை ஒப்புக்கொண்டு மாட்டிக்கொள்ளமாட்டீர்கள்.

அப்புறம் சூப்பர்வைசர். நல்ல டெய்லரைத்தான் சூப்பர்வைசர் ஆக்கியிருப்பீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நன்றாகத் தைப்பதும் ஆள் நடத்துவதும் வேறு வேறு வேலை. ஒரு நாள் செக்கிங் டேபிள் பக்கம் சும்மா நின்று பாருங்கள். டேமேஜ் வந்த பண்டிலைச் சூப்பர்வைசர் கையில் கொடுக்கிறாரா, மெஷின் மேல் வீசுகிறாரா? எந்த இடத்தில் தையல் இறங்கியிருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுகிறாரா, லைனில் எல்லோரும் கேட்கிற மாதிரி கத்துகிறாரா? கத்துகிறவரை மாற்றுங்கள் என்று உடனே சொல்லமாட்டேன், அவர் பெரும்பாலும் நீங்கள் போனில் அவரிடம் கத்தியதைத்தான் லைனில் இறக்கி வைக்கிறார். முதலில் உங்கள் போன் பேச்சைக் குறையுங்கள். பெண்களிடம் பேசுகிற விதத்தில் மட்டும் எந்தச் சலுகையும் வேண்டாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில், பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகாரை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்க வேண்டும், பெண்தான் தலைவர், வெளியாள் ஒருவர் உறுப்பினர். பேருக்கு ஒரு பலகையில் பெயர் எழுதிவிட்டு மறந்துவிடாதீர்கள்.

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் வேண்டாம், கையில் கொடுத்துவிடுங்கள் என்று தொழிலாளர்களே கேட்பார்கள். 26 பேர் என்றால் இரண்டுமே கட்டாயம், கேட்டார்கள் என்பது காரணமாகாது. ஆனால் பிடிக்கிறவர் விளக்க வேண்டும். 15,000 ரூபாய் சம்பளத்தில் இ.எஸ்.ஐ.-க்கு அவரிடம் பிடிப்பது 0.75 சதவீதம், 112 ரூபாய் 50 காசு, உங்கள் பங்கு 3.25 சதவீதம். தேவையான நாள் கட்டியிருந்தால், உடம்பு முடியாமல் டாக்டர் சான்றோடு வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள்வரை வரும். பி.எஃப்.-இல் இருக்கிற ஆள் வேலையில் இருக்கும்போது இறந்துபோனால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய்வரை காப்பீடு உண்டு, அதற்கு அவரிடம் ஒரு பைசா பிடிப்பதில்லை. இதைக் கூட்டம் போட்டுச் சொன்னால் யார் காதிலும் ஏறாது. டீ டைமில் ஒருவர் போனை வாங்கி மத்திய அரசின் உமங் ஆப்பில் அவருடைய பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து காட்டுங்கள், தன் பெயரில் பணம் ஏறியிருப்பதைப் பார்த்தவர் மற்ற 25 பேருக்கும் அவரே சொல்லிவிடுவார். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்பதையும் சேரும்போதே சரிபாருங்கள், வடமாநிலத்துக்காரர்கள் பின்னால் பணம் எடுக்க முடியாமல் அலைவது பெரும்பாலும் இந்த ஒரு எழுத்துப் பிழையால்தான்.

ஆர்டர் இல்லாத காலத்தை மறைக்காதீர்கள். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது ஊர் முழுக்க எல்லோருக்கும் விஷயம் தெரிந்தது, தன் யூனிட்டில் என்ன ஆகும் என்பது மட்டும்தான் தெரியவில்லை. அந்த மாதிரி நேரத்தில் “அடுத்த வாரம் நாலு நாள்தான் வேலை, அதற்கடுத்த வாரம் வியாழக்கிழமை சொல்கிறேன்” என்று சொல்கிற முதலாளியிடம் ஆள் இருப்பார்கள். ஒன்றும் இல்லை, எல்லாம் நல்லாத்தான் போகுது என்று சிரித்துக்கொண்டே திங்கட்கிழமை கேட்டைப் பூட்டினால் அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் செலவாகுமே என்று தோன்றினால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, பழகிய ஓவர்லாக் டெய்லர் ஷிப்டுக்கு 400 பீஸ் ஓட்டுகிறார், புதியவர் முதல் இரண்டு வாரம் 250 ஓட்டுகிறார் என்று வையுங்கள். 12 ஷிப்டில் 1,800 பீஸ் குறைகிறது. அந்த மெஷினுக்குப் பின்னால் இருக்கிற பேட்லாக் மெஷின்காரரும் செக்கிங் ஆட்களும் பீஸ் வராமல் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கும் ஷிப்ட் கூலி ஓடிக்கொண்டிருக்கும். இதை ஐந்து பேருக்குப் பெருக்குங்கள். உங்கள் ரேட்டைப் போட்டு நீங்களே எழுதிப் பார்த்தால்தான் அந்த எண் மனதில் தைக்கும்.

போனவர்களில் யாராவது திரும்ப வருகிறேன் என்று போன் செய்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்டில் ஒரு வாரம் அலைய விட்டு, எல்லோர் முன்னாலும் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் சேர்ப்பேன் என்று நிற்காதீர்கள். ஆனால் போய் வந்தவருக்கு, இங்கேயே இருந்தவர்களைவிட ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள், அது மறுநாள் காலை டீ டைமுக்குள் யூனிட் முழுக்கத் தெரிந்துவிடும். பழைய அட்வான்ஸ் பாக்கியை வாரம் இவ்வளவு என்று பேசி, முதல் சனிக்கிழமைச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.