மூன்று ஊர்கள், ஒரு பிழை – கடிதம்

வணக்கம் சார்,

உங்கள் மூன்று நாவல்களையும் இந்தக் கோடையில் அடுத்தடுத்துப் படித்தேன். முதலில் தரங்கம்பாடி, அடுத்து பர்மா, கடைசியாக மேட்டூர் அணைக்குள் போன ஊர். எல்லாம் ஒரே ஆள் எழுதியதுதானா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். உங்களுக்கென்று ஒரு மண் இல்லையா? பர்மா நாவலில் ரங்கூனிலிருந்து கிளம்பியவர்கள் இரண்டே பக்கத்தில் எல்லைக்கு வந்துவிடுகிறார்கள். நடுவில் நடந்த நடை எங்கே? ஏமாந்துபோனேன். அப்புறம் ஒரு பிழை. 1709-ல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அச்சடித்த தமிழ்த் தாளை ஒருவன் மடித்து இடுப்பில் செருகுகிறான். அப்போது தரங்கம்பாடியில் அச்சுக்கூடமே கிடையாதே?

– ஒரு வாசகி, மயிலாடுதுறை

அன்புள்ள நண்பருக்கு,

பிழையை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தது 1706-ல். தமிழ் அச்செழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்க்கப்பட்டு இங்கே வந்து சேர்ந்தது 1713-ல். கொல்லத்தில் 1578-லேயே தமிழ் அச்சேறிவிட்டது, அந்தப் பக்கத்துத் தாள் அது என்று சமாளித்துப் பார்க்கலாம். ஆனால் ‘மை காயாத தாள்’ என்று வேறு எழுதித் தொலைத்திருக்கிறேன். அடுத்த பதிப்பில் பனையோலையாக மாற்ற வேண்டும். ஓலையை மடித்தால் ஒடியும், ஆகவே அந்தக் காட்சியையே திரும்ப எழுத வேண்டியிருக்கும். வருஷத்தை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்காதீர்கள், அதற்குப் பின்னால் நாற்பது பக்கம் சரியும்.

ஊர்களை நான் தேடிப் போவதில்லை. மேட்டூருக்குப் போனது ஒரு வாரப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுத. இருபத்தைந்து வருஷம் இருக்கும். அணையில் தண்ணீர் இறங்கியிருந்தது. தண்ணீர் குறையும்போது பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரங்களும் தலைகாட்டும். எல்லோரும் அதைத்தான் படம் எடுப்பார்கள், நானும் எடுத்தேன். கூட வந்த பெரியவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அணை கட்டி முடித்தது 1934-ல். அதற்கு முன்பு, அப்பாவின் இடுப்பில் உட்கார்ந்து ஊரைவிட்டுப் போனவர் அவர்.

வெடித்துக் கிடந்த வண்டலில் ஏதோ அளந்துகொண்டே நடந்தார். ஓரிடத்தில் நின்று காலால் மண்ணைத் தள்ளினார். ஒரு கல் விளிம்பு தெரிந்தது. கிணறு, விளிம்புவரை வண்டல் நிரம்பிய கிணறு. துண்டால் கல்லைத் துடைத்தபோது, கயிறு இழுத்து இழுத்து அறுத்த பள்ளங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு விரல் ஆழம். “இந்தக் கெணத்துல நாங்க தண்ணி எடுக்கக் கூடாது” என்றார். சொல்லிவிட்டு ஒரு பள்ளத்தில் விரலை வைத்தார். ரொம்ப நேரம் விரலை எடுக்கவேயில்லை.

நான் எழுத நினைத்திருந்தது, தண்ணீருக்குள் போன சொந்த ஊருக்காக ஏங்கும் கதை. அந்த மாதிரிக் கதை எழுதுவது சுலபம், படிக்கிறவர்களுக்கும் பிடிக்கும். பஸ்ஸில் திரும்பும்போதே அது செத்துவிட்டது. ஊர் முழுகியதில் அவருக்குத் துக்கமா என்று கேட்டிருந்தேன். “வூடு போச்சேன்னு அம்மா அழுவாங்க. அப்பா அழுது நான் பாக்கல” என்றார். அந்த அப்பாதான் நாவலின் மூன்றாம் பாகம்.

இனி உங்கள் ஏமாற்றம். பர்மா நடையைத் தொண்ணூறு பக்கம் எழுதினேன். 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்தது, எல்லையில் இருக்கும் தமு என்ற ஊர் வழியாக இம்பாலுக்கு வந்த காட்டுப் பாதை, அட்டை, காலரா, வழியில் விட்டுவிட்டு வந்த கிழவர்கள் என்று எல்லாம் இருந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் அப்படித் தப்பி வந்தார்கள், ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து கோப்புகளைப் புரட்டித் தும்மியதெல்லாம் அதற்காகத்தான். எழுதி முடித்துப் படித்தால், ஒவ்வொரு வரியும் வேறு யாரோ நடந்த நடையாக இருந்தது.

எனக்குத் தெரிந்த நடை அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயியுடையது. அவர் அதைப் பற்றிச் சொன்னது ஒரே வார்த்தை: “நடந்தோம்.” ஆனால் சலவைக்குத் துணி போடும்போது உதட்டுக்குள் எண்ணுவார், எங்களுக்குப் புரியாத ஒரு மொழியில். பத்து வந்ததும் தமிழுக்கு மாறி, பதினொண்ணு, பன்னெண்டு என்பார். என்ன பாஷை அப்பாயி என்று கேட்டால், “குருவி பாஷை. போய்ப் படி.” அது பர்மிய எண்கள் என்று கண்டுபிடித்தபோது எனக்கு முப்பது வயது, அவர் இல்லை. அந்தத் தொண்ணூறில் எண்பத்தெட்டைக் கிழித்துப் போட்டேன். மிச்சமிருக்கும் இரண்டு பக்கத்தில் ஒரு பெண் எண்ணிக்கொண்டே நடக்கிறாள், அவ்வளவுதான். போதாது என்கிறீர்கள். பதினேழு வருஷம் அவருடன் ஒரே வீட்டில் இருந்த எனக்கும் போதவில்லை.

சொந்த மண் இல்லாமல் என்ன? இருக்கிறது, புதுக்கோட்டைப் பக்கம். அந்த வீட்டைப் பற்றி இன்னும் ஒரு வரி எழுதவில்லை. அங்கே மறைத்து வைத்தது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். சம்பந்தப்பட்ட இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள். பொங்கலுக்குப் போனால் காபி போட்டுக் கொடுத்து, “இப்ப என்னப்பா எழுதுற?” என்று கேட்கிறார்கள்.