தெருக் கும்பலை அந்தப் பகுதியில் குடியிருப்பவர்கள் ஏன் போலீஸிடம் காட்டிக்கொடுப்பதில்லை? பயம் மட்டும்தானா?

பயம் உண்டு, ஆனால் பாதிக் காரணம்தான் அது. சிகாகோவின் லிங்கன் பார்க் குடியிருப்புப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1950களில் அங்கே குடியேறிய புவேர்ட்டோ ரிக்கோ குடும்பத்துப் பையன்களை வெள்ளையர் கும்பல்கள் தெருவில் மடக்கி அடித்தன, போலீஸ் கண்டுகொள்ளவில்லை, அதனால் அந்தப் பையன்கள் தாங்களே சேர்ந்து கட்டியதுதான் யங் லார்ட்ஸ் என்ற கும்பல். சண்டை, திருட்டு எல்லாம் அவர்களிடமும் இருந்தது. ஆனாலும் கும்பலில் இருப்பவன் பக்கத்து வீட்டு அக்காவின் மகன், அவனை எப்படிக் காட்டிக்கொடுப்பது?

அப்புறம் நகரச் சீரமைப்பு வந்தது. பழைய வீடுகளை இடித்தார்கள், வாடகை ஏறியது, ஏழைக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. 1968இல் ஹோசே ஹிமெனஸ் என்ற இளைஞர் சிறையிலிருந்து வந்து அதே கும்பலை அரசியல் இயக்கமாக மாற்றினார். கறுப்பின உரிமை இயக்கமான பிளாக் பாந்தர்களோடும், அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து வந்த ஏழை வெள்ளை இளைஞர்களோடும் கைகோத்தார்கள். 1969 மே மாதம் மெக்கார்மிக் இறையியல் கல்லூரிக் கட்டிடத்தைக் கைப்பற்றி, ஏழைகளுக்கு வீடு கட்டப் பணம் கேட்டார்கள். ஒரு தேவாலயத்தில் குழந்தைகள் காப்பகமும் இலவச மருத்துவ நிலையமும் நடத்தினார்கள். நேற்று வரை இவர்களைக் கண்டு கதவடைத்த தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இவர்களிடமே வந்தார்கள். எனக்கு இந்த இடம்தான் பெரிதாகப் படுகிறது.

ஆனாலும் குடும்பங்கள் மேற்கே ஹம்போல்ட் பார்க் பக்கம் தள்ளப்பட்டன. லிங்கன் பார்க்கில் இன்று பணக்காரர்தான் வீடு வாங்க முடியும்.